இடது பின்சக்கர வாத்தியம்

1

காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்த பிரேக் டிரம், தற்காலத் தாள இசை மையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

எடை நாற்பத்தாறு கிலோ. நிறம் துரு. வடிவம், லாரிச் சக்கரத்துக்குள் மாட்டும் இரும்பு அண்டா. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரு லாரி மெக்கானிக். அவருக்கு முன்னால், நான்கு பூந்தொட்டிகளை மார்போடு அணைத்தபடி நடந்தவள் அவருடைய தங்கை.

காவலாளி கையை நீட்டினார்.

"என்ன இது?"

"லாரி பிரேக் டிரம்."

"லாரி எங்கே?"

"லாரி வரலீங்க. இது மட்டும்தான் வந்திருக்கு."

காவலாளியின் மேஜையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று வாகனங்களுக்கு. ஒன்று வாத்தியங்களுக்கு. அவர் முதல் நோட்டைத் திறந்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"ஐயா, இது வண்டி இல்லை. வாத்தியம்" என்றாள் தங்கை.

"வாத்தியமா? எதை வச்சு வாசிப்பீங்க?"

"சுத்தியல்."

காவலாளி சுத்தியலைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். பிறகு இரண்டு நோட்டிலும் எழுதிவிட்டு, "எதுக்கும் இருக்கட்டும். உள்ளே நிழலாப் பார்த்து நிறுத்துங்க" என்றார்.

தங்கை செய்யும் தொழிலை மெக்கானிக்கால் இன்றுவரை யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. பட்டறையில் கேட்பவர்களிடம், "பாட்டு இருக்காது. கூட்டாளி கிடையாது. சுத்தி பத்துப் பதினைஞ்சு சாமானை வச்சுக்கிட்டு நடுவுல நிப்பா. அப்புறம் வரிசையா தட்டுவா. ஜனங்க கை தட்டுவாங்க" என்பார். அவருக்குத் தெரிந்த வரையில் இதில் தப்பாக எதுவும் இல்லை.

இப்போதைய உருப்படி இருபத்திரண்டு நிமிடம். தங்கை இரண்டு வருடமாகப் பழகியது. இசைக்குறிப்பின் முதல் பக்கத்திலேயே, எழுதியவர் கறாராகச் சொல்லியிருந்தார்: லாரி பிரேக் டிரம் ஒன்று. ஒரு தட்டு தட்டினால் ஒலி ஒன்பது நொடி நிற்க வேண்டும்.

ஒன்பது நொடி நிற்கும் இரும்புக்காக அவள் அண்ணனின் பட்டறையில் முப்பத்தொரு டிரம்களைத் தட்டிப் பார்த்தாள். கையில் ஒரு சுத்தியல், காதோரம் ஒரு ஸ்டாப்வாட்ச். "உங்க தங்கச்சி என்ன செய்யறாங்க?" என்று கேட்ட டிரைவர்களிடம், "டாக்டர். இரும்புக்கு மட்டும் பார்ப்பா" என்றார் மெக்கானிக். முப்பது டிரம்கள் ஐந்து நொடியிலோ ஆறு நொடியிலோ அடங்கிப் போயின. ஒன்றே ஒன்று தேறியது. அதுதான் இது.

மையம் வருடத்துக்கு ஒரே ஒரு தனித் தாள இசையைத்தான் பதிவு செய்யும். விண்ணப்பித்து ஐந்து வருடம் கழித்து அவளுக்கு முறை வந்திருக்கிறது. இன்றைக்கு, மாலை நான்கு மணி வரை. நான்கு மணிக்கு அரங்கத்தில் நாற்காலி போடுவார்கள். இயக்குநரின் ஆண்டுச் சொற்பொழிவு. தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இன்னும் ஐந்து வருடம்.

"அஞ்சு வருஷம்தானே, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்" என்றார் அண்ணன், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"வருஷம் ஓடிடும் அண்ணா. என் மணிக்கட்டு ஓடாது. இப்பவே பதினெட்டாவது நிமிஷத்துல கெஞ்சுது. அப்போ இந்த வேகத்துக்கு வராது."

அதற்குப் பிறகு அவர் தைரியம் சொல்லவில்லை.

2

பதிவாளரின் அறையில் மின்விசிறி சத்தமே போடாமல் சுற்றியது. சத்தம் போட்ட பழைய விசிறிக்கு ஓய்வு கொடுத்து, அதையும் ஓர் அலமாரியில் வைத்திருந்தார்கள்.

பதிவாளர் ஒல்லியான மனிதர். பச்சை மைப் பேனா வைத்திருந்தார். பதிவேட்டில் ஏறாத எந்த வாத்தியத்தையும் அரங்கத்தில் வாசிக்க முடியாது என்பது விதி. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் எழுதியாக வேண்டும்.

பூந்தொட்டிகள் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டன.

"செடி எங்கே?"

"செடி வேண்டாம் சார். காலித் தொட்டிதான் ஒலிக்கும்."

"செடி: பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று எழுதிக்கொண்டார் பதிவாளர்.

தண்ணீர்க் கிண்ணத்துக்கு, தண்ணீர் குடிக்கத் தக்கதா என்று சான்று கேட்டார். தங்கை ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். அது ஏற்கப்பட்டது. முந்தின நாளே வந்து இறங்கியிருந்த பெரிய தோல் முரசும் இரண்டு மரக்கட்டைகளும் சிறிய மணித்தட்டும் தகராறு இல்லாமல் போயின. கடைசியாக டிரம்மின் முறை வந்தது.

"உருவாக்கியவர்?"

"கம்பெனி சார். பேர் வார்த்திருந்தாங்க. தேஞ்சு போச்சு."

"கலைஞர் பெயர் காலவெள்ளத்தில் மறைந்தது" என்று எழுதினார் பதிவாளர். "எதற்காக உருவாக்கப்பட்டது?"

"லாரியை நிறுத்தறதுக்கு."

"இயக்கத்தை நிறுத்துதல்..." பதிவாளர் பேனாவை எடுத்துவிட்டு ஒரு கணம் யோசித்தார். "ரொம்ப ஆழமா இருக்கே!"

"ஆமா சார். கால் வச்ச உடனே நிக்கும்."

"எந்த வழியைச் சேர்ந்தது?"

இந்தக் கேள்வி மெக்கானிக்குக்குப் புரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லித் தங்கையின் வேலையைக் கெடுக்க அவர் விரும்பவில்லை. "இடது பின்சக்கரம் சார்."

"இடது பின்சக்கர வழி" என்று எழுதப்பட்டது. "வயது?"

இங்கேதான் விபத்து நடந்தது.

பழைய இரும்பு என்றால் மெக்கானிக்குகளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இப்போது வருவதெல்லாம் தகரம், அந்தக் காலத்து வார்ப்பு மாதிரி வராது என்று நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த டிரம்மின் உண்மையான வயது மிஞ்சிப் போனால் பதினெட்டு. ஆனால் தங்கையின் வாத்தியத்தைக் குறைத்துச் சொல்ல எந்த அண்ணனுக்கு மனசு வரும்?

"நாப்பது வருஷம் இருக்கும் சார்" என்றார் பெருமையாக. "அதுக்கு மேலயே இருக்கும். தட்டிப் பாருங்க, சும்மா மணி மாதிரி!"

பதிவாளரின் பேனா நின்றது.

அவர் எழுந்தார். மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகளை எடுத்து, ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "யாரும் அதைத் தொடாதீங்க" என்றார்.

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா... என்ன சொல்லித் தொலைச்சே?"

3

முப்பது வயதைத் தாண்டிய வாத்தியம் பாரம்பரிய வாத்தியம். பாரம்பரிய வாத்தியத்தை வெல்வெட் மெத்தையில் வைக்க வேண்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்ட வேண்டும். அதன்மேல் யாரும் எதனாலும் தட்டக் கூடாது. விதி பதினேழு.

"அதாவது," என்று தங்கை நிதானமாகக் கேட்டாள், "பதிவாகாத வாத்தியத்தை இங்கே வாசிக்கக் கூடாது."

"கூடாது."

"இது பதிவாயிடுச்சு. அதனால எங்கேயுமே வாசிக்கக் கூடாது."

"சீக்கிரமா புரிஞ்சுக்கிட்டீங்க. சிலருக்கு ரெண்டு நாள் ஆகும்" என்றார் பதிவாளர் மகிழ்ச்சியுடன்.

மெக்கானிக் பதறிப் போனார். "சார், சார்! நான் ஏதோ ஒரு இதுல சொல்லிட்டேன். பதினெட்டு வருஷம்தான் சார். அடிச்சிட்டு மாத்தி எழுதிக்குங்க."

"பச்சை மையில எழுதினதை அடிக்க முடியாது. திருத்தக் குழு கூடணும்."

"எப்போ கூடும்?"

"தேதி குறிக்கறதுக்காக ஒருமுறை கூடினாங்க. தேதி பத்தி அபிப்பிராய பேதம்."

"வேற டிரம் கொண்டு வரேன் சார். பட்டறையில முப்பது கிடக்கு. அரை மணி நேரம்!"

"பதிவு நேரம் பதினொண்ணரை வரை. இப்போ பதினொண்ணு முப்பத்தாறு."

"கொண்டு வந்தாலும் பிரயோஜனம் இல்லை அண்ணா. அதெல்லாம் ஆறு நொடியில செத்துப் போகும்" என்றாள் தங்கை. அவள் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நான்கு ஊழியர்கள் நீல வெல்வெட் மெத்தையோடு வந்தார்கள். டிரம்மை மூச்சைப் பிடித்துத் தூக்கி அதன்மேல் கிடத்தினார்கள். துருவும் கிரீஸும் வெல்வெட்டில் வட்டமாகப் பதிந்தன. யாரோ கேமராவில் படம் எடுத்தார்கள்.

செய்தி கேட்டு அரங்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் ஓடி வந்தார். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்குவதால் அவரை எல்லோரும் ஹெட்போன் என்றே கூப்பிடுவார்கள். காலை ஏழு மணியிலிருந்து பதினோரு மைக்குகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த மனிதர்.

"என்னாச்சு மேடம்? ரெடியா?"

தங்கை வெல்வெட் மெத்தையைக் காட்டினாள்.

ஹெட்போன் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "போன வருஷமும் இப்படித்தான். ஒரு மரப்பெட்டி. 'எங்க தாத்தா காலத்துது'ன்னு வாய் தவறிச் சொன்னார் ஒருத்தர். அதோ இருக்கு பாருங்க."

சுவரோரம் பதினோரு கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பன்னிரண்டாவது காலியாகக் காத்திருந்தது.

அப்போதுதான் இயக்குநர் வந்தார். நல்ல உயரம், நல்ல சால்வை. சாதாரணமாகத் தண்ணீர் கேட்பதானாலும் மேடையில் கேட்பது போலக் கேட்பவர் என்று பெயர் எடுத்தவர். டிரம்மைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கண்களை மூடினார். திறந்தார்.

"அன்பர்களே! தற்காலம் என்பது மிகவும் மென்மையான ஒன்று. சற்றே அசந்தால் பழையதாகிவிடும். ஆகவேதான் இந்த மையம் தற்காலத்தை முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் சிறிதும் மாறாமல் காத்து வருகிறது."

"சார், நாலு மணிக்குள்ள என் பதிவு..." என்று ஆரம்பித்தாள் தங்கை.

"ஒரு வாத்தியத்துக்கு நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து எது?" இயக்குநர் விரலை உயர்த்தினார். "வெயிலா? மழையா? கரையானா? இல்லை. வாசிப்பவர்! உலகத்தில் பழுதாகிப் போன வாத்தியங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அத்தனையும் யாரோ ஒருவர் வாசித்தவை. எங்கள் பதினோரு வாத்தியங்களைப் பாருங்கள். ஒன்றின் மீதாவது ஒரு கீறல் உண்டா? பேணுதல் என்பது இதுதான்."

பதிவாளர் கைதட்டினார். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

"சார், இது எங்க பட்டறை டிரம். நான் திரும்ப எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். "நீங்கள் கொடுக்கவில்லை ஐயா. அது வந்து சேர்ந்திருக்கிறது."

4

மணி இரண்டரை ஆனது.

தங்கை அரங்கத்தில் தன் பூந்தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். டிரம் தொங்க வேண்டிய இரும்புச் சட்டத்திலிருந்து வெறும் நைலான் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் அண்ணன் வெல்டிங் அடித்துக் கொடுத்தது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் நான்" என்றார் மெக்கானிக்.

"இருந்திருக்கலாம்."

"ரெண்டு போடு போடு. மனசு ஆறும்."

"உன் மேலயா? நாப்பதைத் தாண்டியாச்சே அண்ணா, பாரம்பரியம். தட்டக் கூடாது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இதற்குப் பதில் அவள் அறைந்தே இருக்கலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. பதிவாளர் ஒரு தாளுடன் உள்ளே வந்தார்.

"ஒரு கையெழுத்து. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கறதுக்கு முன்னால நிலை அறிக்கை வேணும். நீங்கதான் துறை வல்லுநர். 'விரிசல் உண்டா, இல்லையா'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. இல்லைன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மெக்கானிக் பேனாவை வாங்கினார். தாளை முட்டியின்மேல் வைத்தார். கை நின்றது.

"போட முடியாது சார்."

"ஏன்?"

"பார்க்காம எப்படி சார் போடறது?"

"பாருங்களேன். அங்கேதானே இருக்கு."

"பிரேக் டிரம்ல விரிசல் கண்ணால பார்த்தாத் தெரியாது சார். தட்டிக் கேக்கணும். கணீர்னு வந்தா நல்ல டிரம். சொத்துன்னு வந்தா விரிசல். இருபத்தாறு வருஷமா கையெழுத்துப் போடறேன். தட்டாம ஒரு டிரம்முக்குப் போட்டதில்லை. டிரைவர் என் கையெழுத்தை நம்பி இறக்கத்துல இறங்குவான் சார்."

அவர் தந்திரம் எதுவும் செய்யவில்லை. மனசார, தொழில் நியாயம் பேசினார். அதனாலேயே குரலில் அப்படி ஒரு உறுதி.

தங்கை மெல்லத் தலையைத் திருப்பினாள். ஹெட்போன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றார்.

"இது இறக்கத்துல இறங்கப் போறதில்லையே" என்றார் பதிவாளர்.

"அது எனக்குத் தெரியாது சார். நாளைக்கு ஒண்ணுன்னா என் பேர்தான் வரும்."

பதிவாளருக்கு இந்தக் கடைசி வாக்கியம் நன்றாகப் புரிந்தது. அவருடைய வாழ்க்கையே அந்த வாக்கியத்தின்மேல்தான் நின்றது. அவர் இயக்குநரைத் தேடி ஓடினார். இயக்குநர் விதிப் புத்தகத்தோடு வந்தார். விதி பதினேழுக்கு ஓர் உட்பிரிவு இருந்தது. முழுமையான ஆய்வின் பொருட்டு, வல்லுநரின் மேற்பார்வையில், பாரம்பரிய வாத்தியத்தைத் தட்டலாம்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் இயக்குநர்.

"ரெண்டு தட்டு சார், அரை நிமி..." மெக்கானிக்கின் கால்மேல் தங்கையின் கால் அழுத்தமாக ஏறியது. "...ஆ! இருபத்திரண்டு நிமிஷம் சார்."

"யார் தட்டுவார்?"

"என் தங்கச்சி. முப்பத்தொரு டிரம் தட்டின அனுபவம் இருக்கு."

"வெல்வெட்டின் மீதே தட்டலாம் அல்லவா?"

"மெத்தை மேல வச்சா ஒலி செத்துடும் சார். விரிசலும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். தொங்க விடணும்."

பதிவாளருக்கு மூச்சு வாங்கியது. "தொங்கவா!"

"இந்தப் பூந்தொட்டிகள் எதற்கு?" இயக்குநர் சந்தேகத்துடன் கேட்டார்.

"ஒப்பிட்டுப் பார்க்க" என்றாள் தங்கை. "விரிசல் இல்லாத சாமான் எப்படி ஒலிக்கும்னு காதுக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும் சார்."

"தண்ணீர்க் கிண்ணம்?"

"மழைக்கால நிலைமை."

"பதினோரு மைக்குகள்?"

"ஆதாரம் சார்" என்றார் ஹெட்போன், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. "பின்னால யாராவது கேள்வி கேட்டா?"

இயக்குநர் நெடுநேரம் யோசித்தார். கடைசியில், "ஒவ்வொரு தட்டையும் பதிவாளர் குறித்துக்கொள்ள வேண்டும். நான் நேரில் இருப்பேன். நான்கு மணிக்கு நாற்காலிகள் வந்துவிடும்" என்றார்.

மணி மூன்று இருபத்தாறு. ஒத்திகை கிடையாது. தப்பானால் மறுபடி வாசிக்க நேரம் கிடையாது. அண்ணனும் ஹெட்போனும் டிரம்மை அரங்கத்துக்குத் தூக்கி வந்து கயிற்றில் மாட்டினார்கள். அண்ணன் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். தங்கை மணிக்கட்டில் துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

5

மூன்று முப்பத்தொன்றுக்கு முதல் தட்டு விழுந்தது.

பதிவாளர் மடியில் வெற்றுத் தாள்கள். தட்டுக்கு ஒரு கோடு. முதல் நிமிடம் சுலபமாகப் போனது. தட்டினாள், காத்திருந்தாள், தட்டினாள். டிரம்மின் ஒலி அரங்கத்தைச் சுற்றி வந்து, அடங்கி, அடங்கியதா இல்லையா என்று காது சந்தேகப்படும் இடத்தில் அடுத்தது விழுந்தது.

நான்காவது நிமிடத்தில் பூந்தொட்டிகள் சேர்ந்தன. மெக்கானிக் வழக்கமாக இந்த இடத்தில்தான் வீட்டில் வேறு அறைக்குப் போய்விடுவார். இன்று போக முடியாது. வேறு வழியில்லாமல் கேட்டார்.

கேட்கக் கேட்க, இது தனக்குத் தெரிந்த சமாசாரம்தான் என்று பட்டது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று முதல் கியரில் மேட்டில் ஏறுகிறது. எங்கேயோ ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது. அது என்ன சொல்கிறது என்று டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறார். கியர் மாறுகிறது. மரக்கட்டைகள் படபடக்கின்றன. முரசு அடியில் இன்ஜினைப் போல உறுமுகிறது. ஏற்றம் முடியவே மாட்டேன் என்கிறது.

"இத்தனை நாளா இதையா வாசிச்சிட்டிருந்தா?" என்று நினைத்துக்கொண்டார்.

பதினோராவது நிமிடத்தில் சிறிய மணித்தட்டு ஒன்றை அடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இறக்கினாள். ஒலி வளைந்து கீழே போனது. இயக்குநர் தன்னை அறியாமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பதினெட்டாவது நிமிடம். மெக்கானிக் அவள் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டைக்குக் கீழே நரம்பு விடைத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல், டிரம்முக்கும் தொட்டிக்கும் முரசுக்கும் மாறி மாறிப் பாய்ந்தாள். ஒருமுறை குச்சி நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். இருபது. இருபத்தொன்று.

கடைசித் தட்டு டிரம்மின் விளிம்பில்.

கணீர்!

இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்பது நொடி யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். ஹெட்போன் கண்ணாடிக்குப் பின்னால் விரல்களால் எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது விரலில் இயக்குநர் தொண்டையைத் தயார் செய்து மூச்சை உள்ளே இழுத்தார். நன்றியுரை!

மெக்கானிக் யோசிக்கவில்லை. ஓடும் இன்ஜினில் கழன்று விழப் போகும் நட்டைப் பிடிப்பது போலக் கை தானாகப் போனது. நாற்பத்தாறு கிலோ துருவையும் கிரீஸையும் காலையிலிருந்து சுமந்த அந்த உள்ளங்கை, இயக்குநரின் வாயைப் பொத்தியது.

ஐந்து. ஆறு. இயக்குநரின் கண்கள் பெரிதாயின. ஏழு. எட்டு.

ஒன்பது.

ஹெட்போன் கட்டைவிரலை உயர்த்தினார். மெக்கானிக் கையை எடுத்தார். இயக்குநரின் முகத்தில் மீசையும் தாடியுமாக ஐந்து விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன.

"மன்னிச்சுக்குங்க சார். விரிசல் இருந்தா ஒலியோட வாலுலதான் கேக்கும். கடைசி ரெண்டு நொடி."

இயக்குநர் பதில் சொல்லாமல் ஒரு கணம் நின்றார். அவர் பேசாமல் இருந்ததை அந்த மையத்தில் அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"எத்தனை தட்டு?" என்று பதிவாளர் பக்கம் திரும்பினார்.

பதிவாளர் தாளைப் பார்த்தார். ஆறாவது நிமிடம் வரை கோடுகள் இருந்தன. அதற்குப் பிறகு தாள் வெள்ளையாக இருந்தது. "விட்டுப் போச்சு சார்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "குறிக்கணும்னு தோணவே இல்லை."

மெக்கானிக் அறிக்கையை எடுத்து, விரிசல் இல்லை என்று எழுதி, மனநிம்மதியோடு கையெழுத்துப் போட்டார்.

6

"வருந்துகிறேன்" என்றார் இயக்குநர், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி. துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவியது. நாற்காலிகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. "நடந்தது இசை அல்ல. ஆய்வு. ஆகவே இந்த ஒலிப்பதிவுக்கு எங்கள் காப்பகத்தில் இடம் கிடையாது."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்கள் இழப்பது எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காப்பகத்தில் இருபது தனி இசைப்பதிவுகள் உள்ளன. குளிரூட்டிய அறை. மூன்று பூட்டு. மூன்று சாவிகளும் மூன்று ஊர்களில். இன்றுவரை ஒரு பதிவைக்கூட யாரும் கேட்டுத் தேய்த்தது கிடையாது! அந்தக் கௌரவம் உங்களுக்கு இல்லை."

"அப்போ இதை என்ன செய்வீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ஆய்வறிக்கைகளுக்கு உள்ள கதிதான்" இயக்குநர் பெருமூச்சு விட்டார். "அறுபத்து நான்கு கிளை நூலகங்களுக்குச் சாதாரணத் தபாலில் போகும். அங்கங்கே பொறுப்பாளர் முழுவதும் கேட்டுவிட்டு, கேட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டு வல்லுநருக்கு அனுப்ப வேண்டும். கேட்காமல் கையெழுத்திட்டால் ஒழுங்கு நடவடிக்கை. என்ன செய்வது? விதி."

தங்கை கண்ணைத் திறந்தாள். வாயைத் திறக்கவில்லை. அண்ணனின் சட்டைக் கையை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு, வேகமாக வெளியே நடந்தாள். வாசல் தாண்டும் வரை அவள் பிடி தளரவில்லை.

"என்னடி? என்ன ஆச்சு?"

"நடண்ணா. மனசு மாறிடப் போறாங்க."

ஏழு வாரத்தில் பட்டறைக்கு அறுபத்து மூன்று உறைகள் வந்துவிட்டன. மெக்கானிக் அவற்றை ஸ்பேனர் பலகைக்குக் கீழே அடுக்கி வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே வரி: கேட்டேன். கையெழுத்து.

அறுபத்து நான்காவது உறை கொஞ்சம் தடியாக இருந்தது. எங்கோ ஒரு சிற்றூரின் கிளை நூலகம். தங்கையும் அன்று பட்டறையில் இருந்தாள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்து, உரக்கப் படித்தார்.

"ஐயா, தங்கள் ஆய்வறிக்கையை விதிப்படி ஒரு முறை கேட்டேன். மதியம் மறுபடியும் கேட்டேன். மறுநாள் வாசிப்பறைக்கு வந்த ஏழு பேரும் கேட்டார்கள். செய்தித்தாள் படிக்க வந்தவர்கள், படிக்கவில்லை. பதினோராவது நிமிடத்துக்குப் பிறகு ஓரிடத்தில் விரிசல் இருக்குமோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம். இருக்கிறது என்று நாலு பேரும், இல்லை என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். ஆகவே, தீர்மானமாகத் தெரியும் வரை தினமும் காலை பத்து மணிக்கு ஒரு முறை கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம். தாமதத்துக்கு மன்னிக்கவும்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன ஆளுங்க இவங்க? இல்லைன்னு நான் தெளிவாக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இருபத்தாறு வருஷ அனுபவம்! இரு, இப்பவே பதில் எழுதறேன். விரிசல் கிடையாது, கிடையவே கிடையாதுன்னு..."

பேனாவைத் தேடி எடுத்தார். தங்கை அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மூடியைப் போட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எழுதாதே அண்ணா" என்றாள். "அவங்களுக்குச் சந்தேகம் இருக்கட்டும்."